கௌஸ் பாய் ஓதிய ஊர்கள்

ஒரு தாடி மனிதனை என்ன பாடு படுத்தும் என்று யாராவது கேட்டால் நான் கௌஸ் மொய்தீன் பாயைத்தான் கைகாட்டுவேன். ஆள் மகான் எல்லாம் இல்லை. ஓசூர் சிப்காட்டில் ஒரு பவுண்டரியில், உருக்கிய இரும்பை வாளி போன்ற லேடிலில் ஏந்திப்போய் மணல் அச்சில் ஊற்றுகிற வேலை. லேடில் தண்டின் ஒரு முனை அவர் கையில் இருக்கும், மறுமுனை என் கையில் இருக்கும். ஒருத்தர் தடுக்கினால் இரண்டு பேரும் வெந்துபோவோம். அப்படிப்பட்ட கூட்டாளியின் முகத்தைக் கட்டிய பெண்டாட்டி முகத்தைவிட அதிகமாகப் பார்க்க வேண்டியிருக்கும். அந்த உரிமையில்தான் சொல்கிறேன். என் பெயர் சென்றாயன். ஊர் ஊத்தங்கரைப் பக்கம். சாமி விஷயத்தில் எனக்குப் பெரிய பிடிப்பு அன்றும் கிடையாது, இன்றும் இல்லை என்றுதான் சொல்லிக்கொண்டு திரிகிறேன்.

எண்பத்தொன்றில் மழைக்காலத்தில் ஒருநாள் அச்சு மணலில் ஈரம் இருந்திருக்கிறது. இரும்பு பட்டதும் தெறித்தது. என்மேல் ஒரு பொட்டுகூட விழவில்லை, எல்லாம் அவர் தாடையில் போய் விழுந்தது. புண் ஆறியதும் அந்த இடத்தில் தோல் சுருங்கி, பாகு காய்ந்த மாதிரி பளபளவென்று நின்றது. கண்ணாடி பார்க்கப் பிடிக்காமல் மனுஷன் தாடி வளர்த்தார். அவ்வளவுதான் அந்தத் தாடியின் கதை. பக்தி அதில் ஒரு முடிக்கும் சம்பந்தப்படவில்லை.

ஆனால் பார்க்கிறவனுக்கு அது எப்படித் தெரியும்? நெற்றி அகலம், உயரமான ஆள், நெஞ்சுவரை கருகருவென்று தாடி. ஆறு மாதத்தில் கௌஸ் பாய் வேறு ஆளாகிவிட்டார். பஸ்ஸில் கண்டக்டர் இடம் பிடித்துக் கொடுத்தான். டீக்கடையில் அவர் உட்கார்ந்தால் கெட்ட வார்த்தை பேசுகிறவர்கள் வாயை மூடிக்கொண்டார்கள். ஜூஜுவாடியில் நாங்கள் குடியிருந்த லைன் வீடுகளுக்கு எதிரே, ஹைவே ஓரத்தில் தகரக் கூரை போட்ட சின்னப் பள்ளிவாசல் ஒன்று இருந்தது. அங்கே வெள்ளிக்கிழமை தொழுகைக்குப் போனால், ‘நீங்க முன்னாடி வாங்க’ என்று கையைப் பிடித்து முதல் வரிசையில் நிறுத்தினார்கள்.

முதல் வரிசையில் நின்ற அந்த மனிதருக்கு ஒரு வரி ஓதத் தெரியாது என்பது யாருக்கும் தெரியாது.

அவர் பிறந்தது சாமல்பட்டியில். தகப்பனார் சின்ன வயதிலேயே போய்விட்டார். தாய்மாமன் ஒரு கூடையில் அவித்த வேர்க்கடலையைப் போட்டு, ஸ்டேஷனில் விற்கும்படி தள்ளிவிட்டார். மற்றப் பிள்ளைகள் காலையில் ஓதும்பள்ளிக்குப் போகிற நேரமும் பாசஞ்சர் ரயில் வருகிற நேரமும் ஒன்றாக இருந்தன. கடலை வாங்குகிறவர்கள் ‘அடுத்து எந்த ஊருடா?’ என்று ஜன்னல் வழியாகக் கேட்பார்கள். அப்படியே அந்த லைன் முழுக்க மனப்பாடம் ஆகிவிட்டது. திருப்பத்தூர், காக்கங்கரை, சாமல்பட்டி, தாசம்பட்டி, மொரப்பூர் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். அல்ஹம்து சூரா தெரியாது. அது எல்லாத் தொழுகையிலும் ஓதுகிற முதல் அத்தியாயம், முஸ்லிம் வீட்டில் பேச்சு வந்த பிள்ளைக்குச் சோற்றோடு ஊட்டிவிடுவார்கள் என்று அவர்தான் பிறகு எனக்குச் சொன்னார்.

கல்யாணத்துக்குப் பெண் பார்க்கப் போனபோது பெண்ணின் அப்பா கேட்டாராம், ‘ஓதியிருக்கீங்கல்ல தம்பி?’ என்று. அந்த மாமனார் கிருஷ்ணகிரியில் ஒரு பள்ளிவாசலில் பாங்கு சொல்லும் மோதினார். பார்க்கப் போன பெண் அதியாவோ குரல் கேட்டால் தெரு நிற்கும், அவ்வளவு அழகாக ஓதுவாள். நம் ஆள் வாய் திறக்கவில்லை. தலையை மட்டும் ஆட்டினார். அந்தத் தலையாட்டலுக்குப் பிறகு பன்னிரண்டு வருஷம் அதே பெண்ணோடு குடித்தனம் நடத்தினார், அவளிடமும் சொல்லவில்லை. தொழுகையில் உதட்டை லேசாக அசைத்துக்கொண்டு, முன்னால் நிற்பவர் குனிந்தால் குனிந்து, எழுந்தால் எழுந்து காலத்தை ஓட்டினார்.

எங்கள் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. சாயங்காலத் தொழுகை முடிகிற நேரத்துக்குப் பள்ளிவாசல் வாசலில் பெண்கள் கைக்குழந்தைகளோடு வரிசையாக நிற்பார்கள். தெலுங்கு பேசுகிறவர்கள், கன்னடம் பேசுகிறவர்கள், நம்மவர்கள், யாராக இருந்தாலும் நிற்பார்கள். பிள்ளை பயந்துகொண்டதா, பால் குடிக்கவில்லையா, காய்ச்சலா, தொழுதுவிட்டு வெளியே வருகிறவர்கள் வாய்க்குள் ஏதோ ஓதி, குழந்தையின் உச்சியில் மெல்ல ஊதிவிட்டுப் போவார்கள். மூன்று சாயங்காலம் ஊதினால் சரியாகிவிடும் என்பது பெண்களின் கணக்கு. காசு பணம் கிடையாது. என் வீட்டுக்காரியும் எங்கள் மூத்தவனைத் தூக்கிக்கொண்டு போய் நின்றிருக்கிறாள்.

தாடி வைத்த கௌஸ் பாய் வெளியே வந்த முதல் நாளே ஒருத்தி குழந்தையை நீட்டிவிட்டாள். அவர் பின்னால் வருகிறவரைக் காட்டினார். ‘நீங்களே ஊதுங்க சாயபு’ என்றாள். பத்துப் பேர் பார்க்கிறார்கள். பிஸ்மில்லா மட்டும் சொல்ல வந்தது. அதற்குமேல் வாய் அடைத்துக்கொண்டது. உதடு அசையாவிட்டால் மானம் போய்விடும். அப்போது தானாகவே வாய்க்குள் ஓடியது திருப்பத்தூர். தொடர்ந்து காக்கங்கரை, சாமல்பட்டி, தாசம்பட்டி, மொரப்பூர். மொரப்பூரில் நிறுத்தி ஊதினார். குழந்தை சிரித்துவிட்டது. போயும் போயும் அது ஏன் சிரிக்க வேண்டும்? மறுநாள் நான்கு பேர் நின்றார்கள்.

அப்படியே வருஷக்கணக்கில் போனது. அவருக்கு அது இனித்தது என்று மட்டும் யாரும் நினைக்க வேண்டாம். சாயங்காலம் நெருங்க நெருங்க முகம் வாடிப்போகும். வயிற்று வலி என்று நான் நினைத்துக்கொண்டேன். பக்கவாட்டு வழியில் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு நழுவிப் பார்த்தார். பெண்கள் அங்கேயும் வந்து நின்றார்கள். கற்றுக்கொண்டிருக்கலாமே என்று பிறகு நான் சண்டைக்குப் போனேன். ‘நாப்பது வயசுல, முதல் வரிசையில நிக்கிற ஆளு, யாருகிட்டடா போயி முதல் எழுத்து கேக்கறது?’ என்றார். அதுவும் சரிதான். வெட்கம் ஒரு தடவை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டால் சாவி வெளியே இருக்கிறது.

நின்ற பெண்களில் வெங்கடம்மாள் என்று ஒருத்தி. ஹைவேக்கு அந்தப் பக்கம் அவரையும் கேழ்வரகும் கோஸும் போடுகிற நாராயணப்பன் வீட்டுக்காரி. தெலுங்குக்காரர்கள், தமிழ் பேசுவார்கள். ரொம்ப வருஷம் கழித்து அவளுக்கு ஒரு பெண் பிறந்திருந்தது. நாகவேணி என்று பெயர். அடிக்கடி சளி பிடிக்கும், தூக்கத்தில் அலறும். கௌஸ் பாய் ஊதினால்தான் அடங்குகிறது என்பது வெங்கடம்மாளின் முடிவு. வேறு யாரிடமும் தலையைக் காட்ட விடமாட்டாள். எத்தனை பேர் முன்னால் வந்தாலும் குழந்தையின் தலையில் முந்தானையைப் போட்டு மூடிக்கொண்டு, ‘எங்க சாயபு வரட்டும்’ என்பாள். முதல் அவரைக்காய் பறித்தால் அதியாவின் வாசலில் ஒரு படி கொட்டிவிட்டுத்தான் சந்தைக்கு அனுப்புவாள். அந்தக் காயை அதியா குழம்பு வைத்தால் பாய்க்குத் தொண்டையில் இறங்காது.

எண்பத்தெட்டு மார்கழியில் அது நடந்தது. ஓசூர்ப் பனி தெரியும்தானே, சாயங்காலம் ஐந்து மணிக்கே லாரிகள் விளக்குப் போட்டுக்கொண்டு போகும். எங்களுக்கு ராத்திரி ஷிப்ட். பாயைக் கூட்டிப் போக வந்து வாசலில் நின்றிருந்தேன். வெங்கடம்மாள் வந்திருந்தாள். நாராயணப்பன் பெங்களூர் மார்க்கெட்டுக்குக் கோஸ் ஏற்றிக்கொண்டு போயிருந்தார். குழந்தைக்கு நான்கு வயது இருக்கும், கம்பளித் துண்டில் சுற்றியிருந்தாள். அது மூன்றாம் சாயங்காலம். முதல் நாளே நர்ஸம்மா ஒருத்தி பார்த்துவிட்டு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போ என்று சொல்லியிருக்கிறாள். சாயபு ஊதட்டும், மூணு நாள்ல எறங்கிடும் என்று வெங்கடம்மாள் போகவில்லை.

பாய் குனிந்தார். பிஸ்மில்லா சொன்னார். உதடு அசைந்தது. காக்கங்கரை வரைக்கும் போயிருப்பார், அப்படியே நின்றுவிட்டார். துண்டு விலகிய இடத்தில் குழந்தையின் விலா, மூச்சு இழுக்கும்போதெல்லாம் உள்ளே போய்ப் போய் வந்தது. உதடு நாவல்பழம் தின்ற மாதிரி கறுத்திருந்தது.

“அம்மா, இப்பவே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போ” என்றார்.

“நீ ஊது சாயபு. மூணாம் நாளு. இன்னிக்கு ஊதிட்டா சரியாப் போவும்.”

“ஊதறதால ஒண்ணும் ஆவாது. போம்மா.”

“அப்புடிச் சொல்லாதே சாயபு! உன்ன நம்பித்தானே வெச்சிருக்கறேன்?”

“எனக்கு ஓதத் தெரியாதும்மா” என்றார் பாய். குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

பின்னால் நின்ற ஒருவர் பக்தியோடு சிரித்தார். “பெரியவங்க அப்புடித்தான் சொல்லுவாங்க” என்றார். பெண்கள் தலையாட்டினார்கள். வெங்கடம்மாள் இன்னும் நெருங்கி வந்து குழந்தையை அவர் வாய்க்கு நேராகத் தூக்கிப் பிடித்தாள். பாய் என்னைப் பார்த்தார். லேடில் தண்டு கை நழுவினால் ஒரு முகம் வருமே, அந்த முகம்.

“திருப்பத்தூர்!” என்று கத்தினார். “காக்கங்கரை! சாமல்பட்டி! தாசம்பட்டி! மொரப்பூர்! இதாம்மா நான் ஓதுனது. இத்தன வருசமா உன் புள்ள தலையில இததாம்மா சொல்லி ஊதுனேன். ரயில் ஸ்டேஷன் பேரு! வேற ஒண்ணும் தெரியாது எனக்கு. வெறும் காத்தும்மா. புள்ளையத் தூக்கு!”

பள்ளிவாசல் இமாம் அப்துல் சலாம் ஹஜ்ரத் வாசற்படியில் நின்று எல்லாவற்றையும் கேட்டார். முகத்தைத் திருப்பிக்கொண்டார். யாரோ ஒரு பையன் களுக்கென்று சிரித்தான். வெங்கடம்மாள் பாயின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“என் கொழந்தைய வெச்சு வெளையாடினியா?” என்றாள்.

நான் ரோட்டில் இறங்கிக் கையை விரித்து நின்றேன். அத்திப்பள்ளியிலிருந்து வந்த கர்நாடகா லாரி ஒன்று கிறீச்சிட்டு நின்றது. டிரைவர் குழந்தையைப் பார்த்ததும் “பேகா, பேகா ஹத்தி”, சீக்கிரம் ஏறுங்கள் என்று கன்னடத்தில் கத்திக்கொண்டே கதவைத் திறந்தான். வெங்கடம்மாள் முன்னால் ஏற, பாய் குழந்தையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார். நான் பின்னால் மூட்டைகள் மேல் ஏறிக்கொண்டேன்.

முன்னால் நடந்ததைப் பிறகு அவர் சொன்னார். பாதி வழியில் வெங்கடம்மாள் அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டு, “ஊது சாயபு. எதையாவது சொல்லி ஊது” என்று அழுதிருக்கிறாள். இவருக்கு ஸ்டேஷன் பேர் இனி வாயில் வராது. வேறு எதுவும் தெரியாது. தாடி, முதல் வரிசை எல்லாம் வாசலிலேயே போய்விட்டன. அப்போது வாழ்க்கையில் முதல் முறையாக மனுஷன் வாயைத் திறந்து ஆண்டவனிடம் பேசியிருக்கிறார், சாமல்பட்டித் தமிழில்.

“ரப்பே, உன் பேச்சு எனக்குத் தெரியாது. நான் பொய்யன். இந்தப் புள்ள பொய் சொல்லல, இவ ஆத்தா பொய் சொல்லல. என் மூஞ்சிய நீ பாக்காதே, இத பாரு.”

இவ்வளவுதான். சொல்லிவிட்டு ஊதியிருக்கிறார்.

“சொல்லி முடிச்சதும் ஒரு தெம்பு வந்துச்சு சென்றாயா” என்றார் என்னிடம். “புள்ள பொழச்சிரும்னு இல்ல. அது எனக்குத் தெரியல. என்னையும் தள்ளிவிட மாட்டான்னு ஒரு தெம்பு. யாரோ இத்தன நாளா காதக் குடுத்துக்கிட்டே இருந்தாப்புல. நான் மொரப்பூர்னு சொன்னப்பவும் கேட்டுக்கிட்டுதான் இருந்திருக்கான். கேட்டுக்கிட்டும் புள்ளைங்கள நல்லா வெச்சிருந்திருக்கான். அத நெனச்சாத்தான் வெக்கம் பிடுங்கித் தின்னுது.”

ஆஸ்பத்திரியில் டாக்டர் வெங்கடம்மாளைப் பிடித்துத் திட்டினார், நிமோனியா முற்றும்வரை என்ன செய்துகொண்டிருந்தாய் என்று. அவள் தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். யார் பேரையும் சொல்லவில்லை. “என்னாலதாங்க” என்று பாய் முன்னால் போனார். டாக்டர் அவரைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு ஊசி எடுக்கப் போனார். குழந்தைக்கு மூக்கில் குழாய் வைத்தார்கள். விடிகிறபோது மூச்சு சீரானது. கண்ணைத் திறந்து பன் வேண்டும் என்று கேட்டதாம். நான் ஓடிப்போய் வாங்கி வந்தேன். பாய் அதைத் தன் கையால் கொண்டுபோய்க் கொடுக்கவில்லை. தூணுக்குப் பின்னால் நின்று, பிள்ளை கடிப்பதைப் பார்த்துவிட்டு, யாரிடமும் சொல்லாமல் நடந்தே ஜூஜுவாடிக்குப் போய்விட்டார்.

அப்புறம் ஊர் பார்த்துக்கொண்டது. பவுண்டரியில் ‘மொரப்பூர் பாய்’ என்று பெயர் வைத்தார்கள். அதே கண்டக்டர், இடம் பிடித்துக் கொடுத்தவன், ‘மொரப்பூர் எல்லாம் ஏறு’ என்று விசிலடித்தான். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அவன் பையைப் பிடுங்கி எறிந்திருப்பேன். இவன் பிள்ளைக்கும் ஊதியவர்தானே அவர்? பாய் என் கையைப் பிடித்துக்கொண்டார். “அவன் சொல்றது நெசந்தானே, விடு” என்றார். பள்ளிவாசல் பக்கம் போவதை விட்டார். வேலைக்குக்கூட ஹைவே வழியாக வராமல் கோஸ் தோட்டங்களுக்குள் புகுந்து வந்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நாவிதர் கங்கப்பன் கடைக்குப் போய்த் தாடியை எடுக்கச் சொன்னார். “தழும்பு தெரியும் பாய்” என்று கங்கப்பன் தயங்கினார். “தெரியட்டும்” என்று கண்ணை மூடிக்கொண்டார். தழும்பும் தாடையுமாக வீட்டுக்குள் நுழைந்த புருஷனைப் பார்த்து அதியா அலறிவிட்டாளாம். ஊர்ப் பேச்சு அவள் காதுக்கு ஏற்கெனவே வந்திருந்தது. அவர் வாயால் வரட்டும் என்று காத்திருந்திருக்கிறாள். அவர் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார். பெண் பார்த்த அன்று ஆட்டிய தலையிலிருந்து ஆரம்பித்தார்.

அதியாவுக்குக் கோபம் ஊதியதில் இல்லை, தலையாட்டலில்தான். “எங்கத்தா மௌத்தாகற வரைக்கும் சொல்லிக்கிட்டு இருந்தாரு, ஓதுன மாப்பிள்ளைன்னு” என்று இறந்துபோன தகப்பனாரை நினைத்து ஒரே ஒரு தடவை சொன்னாள். அதோடு பேச்சை நிறுத்திவிட்டாள். சோறு வரும், தண்ணீர் வரும், பேச்சு வராது. பாய் அதற்குத் தகுதியான ஆள்தான் என்று நானும் நினைத்தேன், தப்பா?

இப்படி எத்தனையோ நாள் போன பிறகு ஒரு காலை, அடுப்படியில் சட்டி வைத்துக்கொண்டிருந்த அதியா அல்ஹம்துவின் முதல் வரியைச் சத்தமாக ஓதினாள். ஓதிவிட்டு நிறுத்தினாள். வழக்கமாக அவள் நிறுத்துகிறவள் இல்லை, ஒரே மூச்சில் ஓதுவாள். பாய் கூடத்தில் உட்கார்ந்திருந்தார். அடுப்படியில் சத்தமே இல்லை, கரண்டிகூட அசையவில்லை. மறுபடி அதே வரி. மறுபடி நிறுத்தினாள். அப்போதுதான் இவருக்கு உறைத்தது. வாய்க்குள் திருப்பிச் சொன்னார். “கேக்கல” என்று சொல்வதுபோல அவள் டம்ளரை நங்கென்று வைத்தாள். இவர் சத்தமாகச் சொன்னார். தப்பாகச் சொன்னார் போல. அவள் அந்த ஒரு சொல்லை மட்டும் திரும்பச் சொன்னாள். நாற்பத்து மூன்று வயசு மனுஷன், சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டு, கண்ணில் நீர் வழிய வழியச் சொன்னார். அந்த முதல் சொல்லுக்கே எல்லாப் புகழும் நன்றியும் அவனுக்கு என்றுதான் அர்த்தமாம். அதைக்கூடத் தெரியாமல் இத்தனை வருஷம் உண்டு உறங்கியிருக்கிறோமே என்று நாக்கு சுருண்டுகொண்டதாம்.

ஒரு நாளைக்கு ஒரு வரி நடந்தது. ஒருவரை ஒருவர் பார்க்கவும் இல்லை, பேசவும் இல்லை. கடைசி வரியை அவர் பிசகாமல் சொல்லி முடித்த அன்று அதியா அடுப்படி வாசலில் வந்து நின்றாள்.

“சோறு ஆறிப்போவுது, எந்திரிச்சு வாங்க” என்றாள்.

அன்று ஷிப்டில் லேடில் தூக்கும்போது அவர் ஏதோ முணுமுணுத்தார். முகம் பல வருஷத்துக்குப் பிறகு வயிற்று வலி இல்லாத முகமாக இருந்தது. “என்னா பாய், ஸ்டேஷனா?” என்று கிண்டலடித்தேன். “இல்லடா, ஊரு வந்து சேந்துட்டேன்” என்று சிரித்தார். அவர் பல் தெரியச் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். இரும்பு ஊற்றுகிற ஒவ்வொரு தடவையும் அல்ஹம்துவைச் சொன்னார். சந்தோஷத்தில் கை ஆடிவிடப்போகிறதே என்று எனக்குப் பயமாக இருந்தது.

ஆனாலும் பள்ளிவாசலுக்குப் போகக் கால் வரவில்லை. அப்துல் சலாம் ஹஜ்ரத் ஒருநாள் அவரே வீட்டுக்கு வந்தார். டீ குடித்தார். பனி இந்த வருஷம் அதிகம் என்றார். எழுந்து வாசல்வரை போய், “பாய் விரிக்க ஆள் இல்ல கௌஸ் மொய்தீன். வெள்ளிக்கிழமை கொஞ்சம் முன்னாடி வாங்க” என்று சொல்லிவிட்டு நடந்தார். அதன் பிறகு தொழுகைப் பாய்களை விரிப்பதும் சுருட்டுவதும் கௌஸ் பாயின் வேலை ஆகிவிட்டது. விரித்து முடித்துக் கடைசி வரிசையில், செருப்புகள் கிடக்கிற ஓரத்தில் நிற்பார். முன்னே வா என்று யார் கூப்பிட்டாலும் போகமாட்டார்.

முதல் நாள் தொழுதுவிட்டுப் பக்கவாட்டு வழியாக நழுவினார். அங்கே வெங்கடம்மாள் நின்றிருந்தாள். இடுப்பில் நாகவேணி, கையில் ஒரு பை அவரைக்காய். பாய் சுவரோடு ஒட்டிக்கொண்டார். ஆஸ்பத்திரிக்குப் பிறகு இருவரும் நேருக்கு நேர் பார்ப்பது அப்போதுதான். மழித்த தாடையை அவள் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

“ஊது” என்று குழந்தையின் தலையைச் சாய்த்தாள்.

“வேணாம்மா. இன்னும் என்ன அசிங்கப்படுத்தாதே. எனக்கு ஒண்ணே ஒண்ணுதான் தெரியும். அதுவும் இப்பத்தான்.”

“பொய் சொன்னதும் நீதான், சாயபு. ஊரே பாக்க நெசஞ் சொன்னதும் நீதான். எம் புள்ளைக்காவ உன் மானத்தத் தூக்கி ரோட்டுல போட்டே. அந்த வாயால ஊது.”

அவர் ஓதினார். நானும் அன்றைக்கு அங்கே இருந்தேன். ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் இடையில் அவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டார். ஊதும்போது மூச்சு தடுமாறியது, அழுகையா மூச்சா என்று பிரிக்க முடியவில்லை. அதற்குப் பிறகு யார் குழந்தையை நீட்டினாலும் மறுக்கமாட்டார். ஆனால் ஊதுவதற்கு முன் தலையைக் குனிந்து ஒரு கணம் நிற்பார். வெட்கம் அவரைவிட்டுப் போகவே இல்லை. நான் கேட்டதற்கு, “போவ வேணாம்டா. அவ்வளவு பிரியம் வெச்சிருக்கறவன் முன்னால வெக்கமில்லாம எப்புடி நிக்கறது?” என்றார். எனக்கு அது அப்போது புரியவில்லை.

இரண்டாயிரத்து மூன்றில் நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்தே வேலையிலிருந்து நின்றோம். பவுண்டரி ஆட்களைக் குறைத்த வருஷம் அது. அடுத்த தை மாதத்தில் நாகவேணிக்குத் தொரப்பள்ளியில் மாப்பிள்ளை பார்த்துக் கல்யாணம் முடித்தார்கள். புருஷன் வீட்டுக்குப் புறப்படுகிற அன்று சாயங்காலம், பட்டுப்புடவையும் தலை நிறையக் கனகாம்பரமுமாகப் பள்ளிவாசல் வாசலுக்கு வந்தாள். வெங்கடம்மாள் பின்னால் நின்றாள். பாயும் நானும் படியில் உட்கார்ந்திருந்தோம். பெண்ணைப் பார்த்ததும் அவர் எழுந்து நின்றார். அவள் குனிந்து தலையைக் காட்டினாள். அவர் ஓதினார், ஒரு பிசிறு இல்லாமல்.

ஊதப்போகும்போது, “இருங்க மாமா” என்றாள் அந்தப் பெண். “அதையும் சொல்லி ஊதுங்க. அம்மா சொல்லி அனுப்பிச்சுது.”

“எதும்மா?”

“ஸ்டேஷன் பேரு.”

பாயின் முகம் அப்படியே சிவந்தது. தழும்பு இருந்த இடம் மட்டும் வெளுப்பாக நின்றது. திரும்பி வெங்கடம்மாளைப் பார்த்தார். அவள் விளையாட்டுக்குச் சொன்ன மாதிரி தெரியவில்லை.

“அப்பவும் எம் புள்ளைய அவன்தானே காப்பாத்துனான், சாயபு” என்றாள். “அதையும் சேத்தே சொல்லு.”

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிஸ்மில்லா சொன்னார். பிறகு ஊரே கேட்கும்படி சத்தமாக, திருப்பத்தூர் என்றார். காக்கங்கரை என்றார். சாமல்பட்டி வந்ததும் குரல் உடைந்துவிட்டது. நாகவேணி கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தாள். தாசம்பட்டியையும் மொரப்பூரையும் எப்படியோ சொல்லி முடித்து ஊதினார். பக்கத்தில் நின்ற நானும் தலையைக் குனிந்துகொண்டேன்.